இறங்கும் ராகம்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் ருக்குமணிக்குத் திருப்பூர் வந்து இறங்கிய நாளிலிருந்தே இருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்கிறதற்கு முன்னால் மூன்று தடவை மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறவள். இந்தக் கதையில் ஒரு வார்த்தை கூடிப்போனால் பழி தன் தலையில் விழும், ஒரு வார்த்தை குறைந்துபோனால் அந்தக் குழந்தையின் தலையில் விழும் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால் நாத்தனாரிடம் ஒரு மாதிரியும், பட்டறைப் பெண்களிடம் ஒரு மாதிரியும், மகளிடம் ஒன்றுமே சொல்லாமலும் அவள் காலத்தை ஓட்டினாள். நடந்தது என்னவோ ஒன்றுதான்.

ருக்குமணியின் கணவர் சென்னியப்பன் பதினாறு மெஷின் போட்டுக் காஜா பட்டன் பட்டறை வைத்திருந்தார். சட்டைகளுக்குப் பட்டன் ஓட்டை போட்டு, பட்டன் வைத்துக் கொடுக்கிற வேலை. இருபத்தேழு வருஷமாக அந்தப் பட்டறையில் யார் வராவிட்டாலும் அவர்கள் மெஷினில் உட்கார்ந்தவள் ருக்குமணி. மெஷினின் மேல் உள்ளங்கையை வைத்தாலே உள்ளே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். நூல் கம்பெனிக்காரர்கள் அந்த வருஷம் பன்னிரண்டு சோடிகளை ஸ்பெயின் நாட்டுக்குச் சுற்றுலா கூட்டிப்போனபோது, மகள் மேகலா வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து எட்டாம் மாசத்தில் இருந்தாள். போக வேண்டாம் என்றுதான் ருக்குமணி நினைத்தாள். பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று சென்னியப்பன் சொன்னார். பிரசவத்துக்கு இன்னும் ஒன்றரை மாசம் இருக்கிறது என்று டாக்டரம்மாவும் சொன்னார். போய்விட்டு வா என்று மகளே பெட்டியை எடுத்து வைத்தாள்.

ஆறாம் நாள் சுற்றுலாவோடு வந்த ஜெபராஜ் என்கிற சென்னைப் பையன் அவர்களைக் கத்தலோனியாவின் மலையடிவாரத்தில் இருக்கிற வால்தோரா என்ற சிற்றூருக்குத் திருவிழா பார்க்கக் கூட்டிப்போனான். சுற்றிலும் பாதாம் தோப்பு. நடுவில் ஒரு கோயில், கோயிலுக்கு முன்னால் ஒரு கல் மைதானம். காகிதக் கூழில் செய்த ராஜாவும் ராணியும் இரண்டாள் உயரத்தில் மைதானத்தைச் சுற்றி ஆடிக்கொண்டு வந்தார்கள். கிழவர்களும் கிழவிகளும் கைப்பைகளை நடுவில் குவித்து வைத்துவிட்டு, கை கோத்து, யாரோ செத்துப்போனதைப் போல அத்தனை கவனமாக வட்டமாக ஆடினார்கள். ரொட்டியில் வேகவைக்காத தக்காளியின் சாற்றைத் தேய்த்து எண்ணெய் விட்டுக் கொடுத்தார்கள். ரசத்துக்கு வைத்திருந்ததை ரொட்டிக்குப் பூசிட்டாங்க என்று கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். அப்புறம் சிவப்புச் சட்டை போட்டு, இடுப்பில் கறுப்புக் கச்சையை இறுக்கச் சுற்றிக்கொண்டு, மனிதர்கள்மேல் மனிதர்கள் ஏறிக் கோபுரம் கட்டத் தொடங்கினார்கள்.

அடியில் இருநூறு பேர் கூடி, முன்னால் நிற்பவர் முதுகில் கை வைத்து அழுத்தி நிற்க வேண்டும். அதுதான் அஸ்திவாரம். அந்த நெரிசலின் மேல் தோளுக்குத் தோளாக எட்டு அடுக்கு. எல்லாருக்கும் மேலே ஒரு குழந்தை ஏறிப்போய் உச்சியில் நாலு விரலை விரித்து ஒரு கையைத் தூக்கும். தூக்கிய கையை இறக்கியதும் கோயில் மேல்மாடத்தில் இருக்கிற குழல்காரர்கள் இறங்கும் ராகத்தை வாசிப்பார்கள். அடியில் நிற்பவர்கள் தலையைக் குனிந்துதான் நிற்க வேண்டும், அண்ணாந்து பார்க்கக் கூடாது. மேலே என்ன நடக்கிறது என்பதை அவர்கள் குழலைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள். இறங்கும் ராகம் முடிகிறவரை கையை எடுக்கக் கூடாது. வெளியூர்க்காரர்களும் வந்து கை கொடுக்கலாம், கை கூடக்கூட மேலே இருக்கிற குழந்தைக்குப் பத்திரம் என்று ஜெபராஜ் சொன்னதும், சென்னியப்பன் போனை எடுத்துக்கொண்டார்.

"போ புள்ள. போயி நில்லு. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

நிற்கச் சொன்ன இடத்தில் நின்றே பழகிய ருக்குமணி, மாங்காய்ப் பச்சைச் சேலையின் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். மருந்துக்கடை வைத்திருக்கிற மார்த்தி என்ற நரைத்த மனிதர் அவள் கைகளைப் பிடித்து முன்னால் நின்ற பெண்ணின் முதுகில் வைத்தார். தன் கைகளை அவள் முதுகில் வைத்துக்கொண்டார். முன்னால் நின்றவள் பெயர் நூரியா. உச்சிக்கு ஏறப்போகிற ஏழு வயது ஐனா அவளுடைய மகள் என்பதை ஜெபராஜ் எட்டி நின்று கத்திச் சொன்னான். ருக்குமணி தலையைக் குனிந்தாள். ஒவ்வொரு அடுக்கும் ஏற ஏற, நூரியாவின் முதுகு வழியாகக் கோபுரத்தின் நடுக்கம் அவள் உள்ளங்கைக்கு வந்தது. எந்த அடுக்கு தளர்கிறது, எது இறுகுகிறது என்று மெஷினைப் போல அவளுக்குத் தெரிந்தது. ஒரு சின்னக் கனம் மேலே போனது. கூட்டம் ஓவென்று கத்தியது. ஐனா கையைத் தூக்கிவிட்டாள்.

தூக்கிய கை இறங்கவில்லை.

அன்று மத்தியானம் வரையிலும் இறங்கவில்லை, மறுநாளும் இறங்கவில்லை. கை இறங்காமல் குழல்காரர்கள் இறங்கும் ராகத்தை வாசிக்க முடியாது. ராகம் கேட்காமல் எந்த அடுக்கும் இறங்க முடியாது. அது அந்த ஊரின் முறை. முறை தெரிந்த ஊர் என்பதால் யாரும் பதறவில்லை. நகரசபைத் தலைவர் வந்து அண்ணாந்து பார்த்து, கை இறங்கும்போது இறங்கட்டும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். பாதாம் உலுக்குகிற நீளக் கழிகளின் நுனியில் ரொட்டியைக் கட்டி உச்சிக்கு நீட்டினார்கள். கோயில் மாடத்திலிருந்து தோட்டத்துக் குழாயால் தண்ணீர் கொடுத்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் தினம் பத்து மணிக்கு ஒலிபெருக்கியில் ஐனாவுக்கு வாய்ப்பாடு நடத்தினார், அவள் தூக்கிய கையைத் தவிர மற்றக் கையின் விரல்களை மடக்கிப் பதில் சொன்னாள். செவ்வாய்க்கிழமைச் சந்தை கோபுரத்தைச் சுற்றி வளைந்துகொண்டது. வட்டமாக ஆடுகிற கிழவர்கள் வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டார்கள். மூன்றாம் அடுக்கில் நின்ற தச்சனுக்கும் நாலாம் அடுக்கில் நின்ற டீச்சருக்கும் பழக்கமாகிப் பாதிரியார் கீழே நின்றபடியே கல்யாணம் செய்து வைத்தார், பூவை விசிறித்தான் எறிய வேண்டியிருந்தது. அஸ்திவாரத்தில் நின்றவர்களுக்கு வீட்டாட்கள் வந்து ஊட்டிவிட்டார்கள். இயற்கைக்கு ஒதுங்க ஆளுக்குக் கால் மணி நேரம் என்றும், போகும்போதும் வரும்போதும் குனிந்த தலையை நிமிர்த்தக் கூடாது என்றும், அந்நேரம் பின்னால் நிற்பவர் கையை நீட்டி இரண்டு இடத்தையும் தாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் மூன்றாம் நாளே ஒரு ஏற்பாடு வந்துவிட்டது.

அதே மூன்றாம் நாள் சுற்றுலா பஸ் புறப்பட்டது. கூட வந்த பெண்கள் வந்து, ருக்குமணிக்கு இங்கேயே ரேஷன் கார்டு கொடுத்துருவாங்க போல என்று சொல்லிச் சிரித்து, அவள் கைப்பையை அவள் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனார்கள். சென்னியப்பன் மட்டும் குனிந்து அவள் முகத்தைத் தேடினார்.

"கையை எடுத்துட்டு வா."

"புள்ளை மேல நிக்குதுங்க."

"எரநூறு பேரு தாங்கறாங்க. உன்ற ஒரு கையிலயா நிக்குது? எடுத்தா ஒருத்தருக்கும் தெரியாது."

ஒருத்தருக்கும் தெரியாது என்று அவர் சொன்னதுதான் அவளை அங்கே நிறுத்தியது. இருபத்தேழு வருஷம் அவள் பட்டறையைத் தாங்கியதும் ஒருத்தருக்கும் தெரியாதுதான். தெரியாது என்பதற்காக ஒரு நாள் அவள் கையை எடுத்திருந்தால் அந்த வீடு என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குச் சொல்ல நினைத்தாள். அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்தான். சென்னியப்பன் பெருமூச்சு விட்டு, மருந்து மாத்திரையை அவள் பையில் வைத்துவிட்டுப் போனார். அந்த வாரமே ஒரு போலீஸ்காரர் வந்து, அவள் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, அவள் முதுகையே மேசையாக வைத்து, கோபுரம் இறங்குகிறவரை தங்கலாம் என்று முத்திரை குத்திவிட்டுப் போனார்.

நூரியாவின் முகத்தை ருக்குமணி பார்த்ததில்லை, ருக்குமணியின் முகத்தை நூரியாவும் பார்த்ததில்லை. முதுகும் கையுமாகவே அவர்கள் பழகினார்கள். தண்ணீர், அம்மா, களைப்பு, போதும் என்று பத்துப் பன்னிரண்டு வார்த்தைகளை நூரியா முன்பக்கம் பார்த்தபடியே சொல்லிக் கொடுத்தாள். அழும்போது அவள் முதுகு எப்படிக் குலுங்கும், மேலே மகள் இருமினால் எப்படி விறைக்கும் என்பதெல்லாம் ருக்குமணிக்குப் பாடமாகிவிட்டது. பின்னாலிருந்து மார்த்தி பலம், பலம் என்று அவர்கள் பாஷையில் சொல்லிக்கொண்டிருப்பார், சளி பிடித்தால் தன் கடையிலிருந்து மாத்திரை வரவழைத்துக் கொடுப்பார். ஒரு வேலையைச் செய்யும்போது தனக்குப் பின்னாலும் ஒருத்தர் கை வைத்திருப்பது ருக்குமணிக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சில நாள் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது அவளுக்கு வாய் கசக்கிறது.

இருபத்து மூன்றாம் நாள் போன் வந்தது. அவளுக்கு ஊட்டிவிட வருகிற ரொட்டிக்கடைக்காரி அதை அவள் காதில் பிடித்துக்கொண்டு நின்றாள். தேதிக்கு முன்னாலேயே பிரசவமாகிவிட்டது, பெண் குழந்தை, நாத்தனார்தான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தாள். மேகலா சத்தம் போடவில்லை.

"வலி எடுத்தப்ப உன்னையத்தான் கூப்பிட்டேன். நீ யாரோ புள்ளையத் தாங்கிக்கிட்டு நிக்கறயாமா. நல்லாத் தாங்கு."

போன் நின்ற பிறகு ருக்குமணி நூரியாவின் முதுகில் நெற்றியை வைத்து அழுதாள். நூரியா கையைப் பின்னால் கொண்டுவர முடியாமல், முதுகை மட்டும் மெல்ல அவள் பக்கம் சாய்த்தாள்.

அதற்கப்புறம் நூரியா பேசுவது குறைந்தது. முதுகு கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது, எலும்பு கையில் தட்டியது. மகளை நினைத்து உருகுகிறாள் என்று ருக்குமணி நினைத்தாள். தனக்கு ஊட்ட வரும் ரொட்டியில் பாதியை நூரியாவுக்குக் கொடுக்கச் சொல்லிச் சைகை காட்டினாள், ரொட்டிக்கடைக்காரி எங்கேயோ பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள். மார்த்தியும் பலம் சொல்வதை நிறுத்திவிட்டார். வயதானவர், தொண்டை கட்டியிருக்கும் என்று அவள் நினைத்தாள். குளிர் வந்தது. செஸ்ட்நட் கொட்டைகளைச் சுட்டு விற்கிற வாசனை மைதானத்தில் வந்தது. ஒவ்வொரு நாளும் மைதானம் இன்னும் அமைதியானது.

நாற்பத்தோராம் நாள் காலையில் அவள் காலருகே ஒரு பாதாங்கொட்டை உருண்டு வந்தது, அப்புறம் ஒன்று, அப்புறம் பத்து. யாரோ தின்னக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால், கொட்டைகள் மார்த்தியின் சட்டைக் கையிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தன. எலி கடித்த ஓட்டை. நாற்பத்தொரு நாளில் முதல் தடவையாக அவள் முறை தவறித் தலையைத் திருப்பினாள். பின்னால் மார்த்தியின் சிவப்புச் சட்டைக்குள் ஒரு பாதாம் மூட்டை நின்றது, கை இருந்த இடத்தில் இரண்டு அடைத்த காலுறைகள் அவள் முதுகில் சாய்ந்திருந்தன. அதற்குப் பின்னால் மாவு மூட்டை, அதற்குப் பின்னால் சுருட்டிய மெத்தை, பழைய துணி அடைத்த சட்டைகள், வரிசை வரிசையாகக் கச்சை கட்டிக்கொண்டு, தலை இருக்க வேண்டிய இடத்தில் தொப்பியோடு நின்றன. கால் மணி நேரம் என்று போனவர்கள், ஒரு நாளைக்கு என்று ஒரு மூட்டையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது, ஒருத்தரும் சொல்லவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே ஒரு மூட்டை நின்றதால் யாருக்கும் யாரையும் கேட்க வாயில்லை.

ருக்குமணி திரும்பி, தன் கைகளுக்குக் கீழே இருந்த சட்டையின் கழுத்தைக் கொஞ்சமாக விலக்கிப் பார்த்தாள். உள்ளே வைக்கோலும் விறகும் இருந்தன. எலும்பு என்று நினைத்தது விறகு. மூச்சு விடுகிறாள் என்று இத்தனை நாள் நினைத்தது தன் கையே ஏறி இறங்கியது.

அப்போதுதான் அவள் அண்ணாந்து பார்த்தாள். தச்சன் நின்ற இடத்தில் ஒரு கதவு நிலை, டீச்சர் நின்ற இடத்தில் ஒரு திராட்சை மது பீப்பாய். அத்தனை உயரத்தில், அவற்றுக்கெல்லாம் மேலே, ஐனா ஒரு கையைத் தூக்கியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடி வளர்ந்து கண்ணை மறைத்தது. கீழே நிற்பவர்களுக்குத்தான் மேலே பார்க்கக் கூடாது என்று முறை. மேலே நிற்பவளுக்கு அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொருத்தராகக் கையை எடுத்ததை, அம்மா விறகுக்குச் சட்டை மாட்டிப் பட்டன் போட்டுவிட்டுப் போனதை, எல்லாவற்றையும் அந்தக் குழந்தை அங்கிருந்து பார்த்திருக்கும்.

"எறங்கி வா சாமி," என்றாள் ருக்குமணி. "போதும். எறங்கி வா."

குழந்தைக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் புரிந்தது. தலையை ஆட்டி, மற்றக் கையால் கோயில் மாடத்தைக் காட்டியது. மாடத்தில் குழல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாலு அடைத்த சட்டைகள், நாலு குழல்கள். ராகம் கேட்டால்தான் இறங்குவேன் என்கிறாள் அவள். இறங்கும் ராகம் எப்படி இருக்கும் என்று ருக்குமணிக்குத் தெரியாது. கேட்டிருந்தால் வாயாலாவது பாடியிருப்பாள். தெரிந்த தாலாட்டு ஒன்றை மெல்லப் பாடிப் பார்த்தாள். குழந்தை மரியாதையாகக் கேட்டது, அசையவில்லை.

அந்தக் கோபுரத்தில் உயிரோடு இருந்தது இரண்டே பேர். ருக்குமணிக்கு முதலில் வந்தது இரக்கம், அடுத்து வந்தது பயம். அவள் பயத்தோடு வாழ்கிறவள், அது வந்ததும் இரக்கம் ஒதுங்கி இடம் விட்டது. நாளைக்கு இது விழுந்தால் யாரைக் கேட்பார்கள்? மூட்டையை யாரும் கேட்க மாட்டார்கள். உயிரோடு நின்றவளைத்தான் கேட்பார்கள், நீதானே கையை எடுத்தாய் என்று. வெளியூர்க்காரி, சேலை கட்டினவள், பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறவள். அவள், குளிருக்கு ரொட்டிக்கடைக்காரி போட்டுவிட்டிருந்த நீல ஸ்வெட்டரை, கை மாற்றிக் கை விறகில் ஊன்றிக்கொண்டே கழற்றி, காலடியில் கிடந்த பாதாங்கொட்டைகளை அள்ளி அதில் நிரப்பி, பட்டன்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். இருபத்தேழு வருஷம் செய்த வேலை, ஓட்டை தவறவில்லை. ஸ்வெட்டரின் கைகளை விறகின்மேல் சாய்த்து வைத்தாள். அப்புறம் தன் இரண்டு கைகளையும் எடுத்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. ஒரு தூசிகூட விழவில்லை. விழுந்துவிடுமோ என்று பயந்தவளுக்கு, விழாமல் நின்றதுதான் நெஞ்சில் அடித்தது. கணவர் சொன்னது சரியாகப் போய்விட்டது. தலைப்பிரசவத்தை விட்டுவிட்டு அவள் தாங்கியது எதை என்று அந்தக் கல் மைதானத்தில் யாரிடம் போய்க் கேட்பது.

மைதானத்தின் ஓரத்தில் காப்பிக்கடை நாற்காலியில் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்து ருக்குமணிக்கு அடையாளம் தெரிந்திருக்காது, முதுகைப் பார்த்ததும் தெரிந்தது. எதிரில் போய் நின்றாள். நூரியா முதலில் அவள் கைகளைப் பார்த்தாள், அப்புறம்தான் முகத்தை. கேட்க வேண்டியது எல்லாம் ருக்குமணியின் வாய்வரை வந்தது. நூரியா தான் சொல்லிக் கொடுத்த வார்த்தைகளில் ஒன்றே ஒன்றைச் சொன்னாள். களைப்பு. சொல்லிவிட்டு, தன் காப்பியை அவள் பக்கம் நகர்த்தினாள். ருக்குமணி நின்றபடியே அதைக் குடித்தாள். இரண்டு பேரும் மேலே பார்க்கவில்லை. ருக்குமணி கோப்பையை வைத்துவிட்டு, பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். தெரு திரும்புகிறவரை மேலேயிருந்து ஒரு பார்வை பின்கழுத்தில் இருந்தது.

திருப்பூரில் பேத்தி தொட்டிலில் இருந்தாள். தூக்கப் போனபோது மேகலா தடுக்கவில்லை.

"காலியாயிருச்சாம்மா உன்ற கையி?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாம் மாசம் குழந்தையை எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனாள். போனில் குழந்தையின் சத்தத்தைக் கேட்க வைப்பாள், தன் சத்தத்தைக் குறைத்துக்கொள்வாள்.

வால்தோராவில் கோபுரம் இன்னும் நிற்கிறது. வெளியூர்க் கூட்டம் பஸ் பஸ்ஸாக வந்து பார்க்கிறது, திருவிழாவுக்குத் திருவிழா மூட்டைகளுக்குப் புதுச் சட்டை மாற்றுகிறார்கள், ஐனாவுக்கு ஒன்பது வயது ஆகிவிட்டது என்று ஜெபராஜ் சென்னியப்பனுக்குச் செய்தி அனுப்பினான். சென்னியப்பன் அன்று எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுப் பட்டறைச் சுவரில் மாட்டியிருந்தார். வருகிறவர்களிடமெல்லாம், சிவப்புச் சட்டைகளுக்கு நடுவே தெரிகிற மாங்காய்ப் பச்சையைக் காட்டி, நம்ம வீட்டம்மாதான், நாப்பத்தொரு நாள் கையை எடுக்கலையே என்று சொல்வார். அவர் அப்படிப் பெருமையாகச் சொன்னது ஆயுசில் அந்த ஒன்றைத்தான். கேட்கும்போதெல்லாம் ருக்குமணி வாசலைப் பார்த்துக்கொண்டாள். என்றைக்காவது அது விழும், அன்றைக்கு இந்தப் போட்டோவைத் தேடிக்கொண்டு வருவார்கள்.

ஒரு நாள் மத்தியானம் பட்டறைப் பெண்கள் சாப்பிடப் போயிருந்தபோது அவள் போட்டோவை இறக்கினாள். நூல் வெட்டுகிற கட்டரால் தன் சேலையின் ஓரமாகவே வெட்டி, தன்னை எடுத்தாள். எடுத்த பிறகுதான் பார்த்தாள், முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளும் நூரியாவின் முதுகில் அப்படியே இருந்தன. கைகளை எடுக்க வேண்டுமானால் அந்த முதுகை வெட்ட வேண்டும். பிறகு அதையும் வெட்டினாள். வெட்டிய துண்டுகளைப் பட்டறைக் குப்பையில், நூல் பிசிறோடு பிசிறாகக் கலந்துவிட்டாள். சட்டத்தைத் திரும்ப ஆணியில் மாட்டினாள், இல்லாவிட்டால் எங்கே என்று கேட்பார்கள். ஓட்டை வழியாகச் சுவரின் சுண்ணாம்பு தெரிந்தது.

இப்போது யாராவது கேட்டால், தப்பாகிவிடுமோ என்ற பயமில்லாமல் அவளால் சொல்ல முடிகிறது. அன்னைக்குத் தலைவலி, நான் அந்த மைதானத்துக்குப் போகவே இல்லைங்க, ரூமிலேயே படுத்திருந்தேன் என்கிறாள். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகள்தான், ஒன்று கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.